ஆர்கன் நுழையும் இடம்

மூச்சு எங்கே எடுப்பது என்பதை மட்டும் யோசி. மூன்றாம் வரிக்கு முன்னால் ஒன்று. திரும்பி வரும்போது பாதியில் ஒன்று, சின்னதாக, யாருக்கும் கேட்காமல். அதற்குப் பிறகு எதையும் யோசிக்காதே. அதற்குப் பிறகு ரதீம் வந்துவிடுவான். குழலை உதட்டிலிருந்து நீ இறக்கவே போவதில்லை. இறக்காவிட்டால் காத்திருக்கவும் வேண்டியதில்லை.

ஹெடா கண்ணைத் திறந்தாள். கலாச்சார மாளிகையின் தாழ்வாரத்தில் தரை மெழுகும் வெந்த முட்டைக்கோஸும் கலந்து மணத்தன. ஜன்னலுக்கு வெளியே சுரங்க நகரமான ஆஸ்ட்ராவாவின் பனி, விழுந்த கையோடு கரி படிந்து சாம்பல் நிறமாகிக் கிடந்தது. அவள் புல்லாங்குழலின் தலைப்பகுதியைத் தனியாகக் கழற்றிக் கோட்டுக்குள் அக்குளில் வைத்திருந்தாள். குளிர்ந்த வெள்ளி சுருதி இறங்கிப்போகும். கமிட்டி முன்னால் சுருதி இறங்கினால் அதுவும் ஒரு குற்றமாகிவிடலாம்.

அவளுக்கு வலப்புறம் பேஸ் கிட்டார் வாசிக்கும் ரதீம். நீள முடிக்குக் கமிட்டி முத்திரை தராது என்று அவன் நேற்றே முடியை நிஜமாக வெட்டிக்கொண்டு வந்துவிட்டான். இடப்புறம் டிரம்ஸ் அடிக்கும் ஓண்ட்ரா. அவன் வெட்டவில்லை. நீள முடியைச் சுருட்டிக் கொண்டை ஊசி குத்தி, அதன்மேல் ஒரு கிராப்பு விக்கை மாட்டியிருந்தான். ஒப்பேரா அரங்கில் ஒப்பனை செய்யும் அவனுடைய அத்தை கொடுத்தது.

"ஏதோ நாடகத்துல ரெண்டாவது அங்கத்துலயே செத்துப்போற நோட்டரி போட்டதாம். அத்தை சொன்னா" என்றான் ஓண்ட்ரா.

"முத்திரை கிடைக்கலைன்னா அதைக் கழட்டாதே. அப்படியே நோட்டரி வேலைக்குப் போயிடு" என்றான் ரதீம். சிரிக்க முயன்று இருமினான்.

மேடையில் காசு வாங்கி வாசிக்கிறவர்கள் எல்லோரும் அந்தக் கமிட்டியின் முன் வந்தாக வேண்டும். இசை இலக்கணத்தில் கேள்வி, நாட்டு நடப்பில் கேள்வி, பிறகு வாசித்துக் காட்ட வேண்டும். தேறினால் முத்திரை. முத்திரை இருந்தால் இசைக்கலைஞர். இல்லாவிட்டால் வேலையற்றவர், வேலையற்றவராக இருப்பதற்கு அந்த நாட்டில் சட்டம் இடம் தரவில்லை. போன முறை வந்தபோது குழுவின் ஆங்கிலப் பெயரைக் கமிட்டி பிடுங்கிக்கொண்டது. அவர்கள் ஒத்திகை பார்த்த சுரங்கத்தின் பெயரையே வைக்கச் சொன்னது. அன்றிலிருந்து அவர்கள் 'ஏழாம் குழி'. ரதீம் அந்தக் குழியிலேயே ஐந்து வருடம் கரி வெட்டியவன். இசை அவனை மேலே கொண்டுவந்தது. முத்திரை போனால் அவன் திரும்பவும் கீழே போக வேண்டும். இதை அவன் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அவனுடைய மனைவிதான் போன வாரம் ஹெடாவின் வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போனாள். இந்த நுரையீரலோடு இவர் கீழே போனால் பிள்ளை பள்ளிக்கூடம் சேரும் முன்னால் எல்லாம் முடிந்துவிடும் என்றாள்.

ஆகவே ஹெடா ஒப்புக்கொண்டிருந்தாள். இன்றைக்குப் பாட்டின் நடுவே இடைவெளி இல்லை. அவள் முடித்ததும் ரதீம் உடனே நுழைந்துவிடுவான்.

*

அந்த இடைவெளியை யாரும் இயற்றவில்லை.

பழைய ஜெர்மன் மேதை பாக் எழுதிய ஒரு சரபாந்தைத்தான் அவர்கள் வாசித்தார்கள். மூன்று தட்டில் மெதுவாக நடக்கிற பழைய நடனம். அதைப் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டியது லூபோர், ஹெடாவின் கணவன். எலெக்ட்ரிக் ஆர்கன் வாசிப்பவன். முதலில் குழல் தனியாக, பாக் எழுதியது எழுதியபடி. இரண்டாம் முறை வரும்போது பேஸ் கீழே நடக்கத் தொடங்கும். டிரம்ஸ் தூரிகைக் குச்சிகளோடு சேர்ந்துகொள்ளும். அப்போது ஹெடா ஊதிக்கொண்டே தொண்டைக்குள் பாடுவாள். குரலும் காற்றும் ஒன்றையொன்று உரசி, அழுது முடித்த ஒருவர் பேசுவதுபோல் ஒரு சத்தம் வரும். இசைக்கல்லூரியில் அவளுக்குச் சொல்லித்தந்தவர்கள் கேட்டிருந்தால் அழுக்கு என்றிருப்பார்கள். அவளுக்கு அதைச் சொல்லித்தந்ததும் லூபோர்தான். "நீ மூச்சை மறைக்கிறே ஹெடா. எதுக்கு? உயிரோட இருக்கறது தப்பா?" என்று கேட்டான். அவள் அப்போது ஒப்பேராவில் இரண்டாம் குழல். மேடைக்கு அடியில் பள்ளத்தில் உட்கார்ந்து, யார் கண்ணிலும் படாமல் ஊதிக்கொண்டிருந்தவள்.

சரபாந்தின் முதல் பாதி வீடு போய்ச் சேருவதில்லை. வாசல்வரை வந்து நின்றுவிடும். அடுத்த சுரம் எங்கே என்று காது கேட்கும். அங்கேதான் ஆர்கன் நுழைய வேண்டும். லக்சம்பர்க் வானொலியில் திருட்டுத்தனமாகக் கேட்டுக் கேட்டுக் கற்ற ஜாஸ் எல்லாவற்றையும் லூபோர் அங்கே கொட்டுவான். பாக்கின் நாலு சுரத்தை எடுத்து, திருப்பி, உடைத்து, பாதி உடைந்ததோடு விளையாடிக்கொண்டே இருப்பான். எந்த இரவும் முந்தைய இரவுபோல் இருந்ததில்லை.

ஆனால் அவன் உடனே நுழைய மாட்டான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பான். பீர் ஒரு மிடறு குடிப்பான். ஹெடா குழலை இறக்கிவிட்டு அவனையே பார்த்துக்கொண்டு நிற்பாள். ஓண்ட்ரா குச்சிகளைத் தூக்கியபடி நிற்பான். பின்வரிசையிலிருந்து யாராவது, "தூங்கிட்டானா?" என்று கத்துவார்கள். கூட்டம் சிரிக்கும். சிரிப்பு அடங்கப்போகிற நொடியில் ஒரே ஒரு தாழ்ந்த சுரம், தரைக்கு அடியிலிருந்து வருவதுபோல் வரும்.

வீட்டிலும் அப்படித்தான். பூண்டு சூப் ஆறி ஆடை கட்டிய பிறகு வருவான். கோபத்தோடு உட்கார்ந்திருப்பவளின் எதிரே உட்கார்ந்து, ஆறியதையே ருசித்துச் சாப்பிடுவான். கோபம் எங்கே போனது என்று அவள் தேடிக்கொண்டிருப்பாள். அவனுக்குக் காத்திருப்பது ஒரு கட்டத்தில் அவளுடைய சுபாவமாகவே ஆகிவிட்டது. அது அன்பா, பழக்கமா என்று அவள் அப்போது பிரித்துப் பார்த்ததில்லை. பிரித்துப் பார்க்கத் தேவையும் இருக்கவில்லை.

கடைசியாகப் பேசியது ஒரு பனிக்காலக் காலையில், சமையலறையில். அவன் ஆர்கனின் கட்டைகளைக் கழற்றி மேசைமேல் பரப்பிவைத்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். வரும் கோடை முடிந்ததும் ப்ராக் போகப்போவதாகச் சொன்னான். பெரிய ஜாஸ் குழு ஒன்று கூப்பிட்டிருக்கிறதாம். நாம் எங்கே தங்குவது என்று அவள் கேட்டாள். அவன் பஞ்சைக் கீழே வைத்தான். "நாம இல்ல ஹெடா. நான்" என்றான். அவள் உரித்துக்கொண்டிருந்த கிழங்கை உரித்து முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். ஏன் என்று கேட்டாளா, அல்லது கேட்டதாக இப்போது நினைத்துக்கொள்கிறாளா என்பது அவளுக்கே நிச்சயமில்லை. அவன் கட்டைகளைத் திரும்ப மாட்டிவிட்டு, ஓபவாவில் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த ஒலிபெருக்கியை எடுத்துவரக் கிளம்பினான். வந்து பேசுவோம் என்றான். சாலையில் பனி உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது. எதிரே கரி லாரி.

சமையலறையில் பேசியது ரதீமுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. சவ அடக்கத்தன்று எல்லோரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதபோது, தனக்குச் சேராத எதையோ வாங்கிக்கொள்வதுபோல் அவள் நின்றாள்.

*

அவன் இல்லாமல் வாசித்த முதல் கச்சேரி எஃகு ஆலைக்காரர்களின் மன்றத்தில் நடந்தது. ஆர்கன் இடத்தை பேஸ் எடுத்துக்கொள்ளும் என்று பேசியாயிற்று. ஒத்திகையிலும் அப்படியே வாசித்தார்கள். மேடையில் வெளிச்சம் வந்தது. ஹெடா வாசித்தாள். சரபாந்து வாசல்வரை வந்து நின்றது. அவள் குழலை இறக்கிவிட்டு இடப்பக்கம் திரும்பிக் காத்திருந்தாள்.

மறந்துவிட்டாள். அவ்வளவுதான். அவன் தாமதமாக நுழைகிறவன், ஆகவே இன்னும் நுழையவில்லை. ஓண்ட்ராவும் குச்சிகளைத் தூக்கியபடி அதே பக்கம் திரும்பியிருந்தான். நுழைய வேண்டிய ரதீமின் விரல் கம்பியின்மேல் அசையாமல் இருந்தது, அவனும் காத்திருந்தான். மூன்று பேரும் தரையில் கிடந்த ஒரு மின்கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆர்கன் இருந்தால் அதில் செருகப்பட்டிருக்கும். யாருக்கு முதலில் நினைவு வந்தது என்று தெரியவில்லை. வந்த பிறகும் ஒருவராலும் அசைய முடியவில்லை.

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் வரிசையில் தலைத்துண்டு கட்டிய ஒரு அம்மாள் எழுந்து நின்றாள். பிறகு இன்னொருவர். நாற்காலிகள் மடங்குகிற சத்தம் மட்டும் அங்கங்கே கேட்டது. கடைசியில் மன்றம் முழுவதும் நின்றுகொண்டிருந்தது. ஹெடா எப்போது குழலை எடுத்தாள், எப்படி மறுபடி முதல் சுரத்திலிருந்து தொடங்கினாள் என்பது அவளுக்கு நினைவில்லை.

அடுத்த ஊரில் அதை விட்டுவிடத்தான் நினைத்தார்கள். ஆனால் அந்த இடம் வந்ததும் கூட்டம் தானாக எழுந்து நின்றுவிட்டது. செய்தி அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. நிற்கிறவர்களுக்கு முன்னால் எப்படி வாசிப்பது? காத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அது பாட்டின் ஒரு பகுதியாகிவிட்டது.

அந்த முதல் கச்சேரி முடிந்து, குழலுக்குள் துணி விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தபோது, தலைத்துண்டு கட்டிய அம்மாள் மேடைக்குப் பின்னால் வந்தாள். கையில் காகிதத்தில் சுற்றிய கொலாச் ரொட்டி, நடுவில் ப்ளம் ஜாம் வைத்தது. அதை ஹெடாவின் மடியில் வைத்தாள்.

"நீ யாருக்காக நின்னேன்னு நான் கேக்கல, பொண்ணே. என்னையும் கேக்காதே" என்றாள். பிறகு கேட்காமலே தானே சொன்னாள். "நான் என் ஸ்தானெக்கை அதுக்குள்ள உக்கார வெச்சேன். எடம் தாராளமா இருந்துச்சு."

ஸ்தானெக் யார் என்று ஹெடா கேட்கவில்லை. அந்த ஊரில் அதை அதிகம் கேட்கவும் வேண்டியதில்லை. கீழே போனவர்கள், மேலே வராதவர்கள். பிறகு வெவ்வேறு ஊர்களில் வேறு பலர் வந்தார்கள். மகள் டொரன்டோவில் இருக்கிறாள், கடிதம் வருவதில்லை என்று மெல்லிய குரலில் சொன்ன ஒரு பல் மருத்துவர். கணவனைக் காலையில் வந்து அழைத்துப்போனார்கள், இன்னும் திரும்பவில்லை என்ற ஒருத்தி. கையை மட்டும் அழுத்திவிட்டு ஓடிய ஓர் இளம்பெண். அவளுடைய மேல்கோட்டின் பொத்தான்கள் பிள்ளை வயிற்றுக்காகத் தளர்த்தித் தைக்கப்பட்டிருந்தன; இப்போது கோட்டு அங்கே வெறுமனே தொங்கியது.

ஆரம்பத்தில் ஹெடாவுக்கு எரிச்சலாக இருந்தது. அது என்னுடையது, நீங்கள் எல்லோரும் உங்கள் ஆட்களைக் கொண்டுவந்து அதில் ஏன் உட்கார வைக்கிறீர்கள் என்று தோன்றியது. நாளாக ஆக வெட்கம் வந்தது. அந்தக் காத்திருப்பில் அவள் நல்ல விதவையாக நின்ற இரவுகள் மிகக் குறைவு. சில இரவுகளில் அவன்மேல் ஆத்திரம் நெஞ்சுவரை ஏறி நிற்கும். சில இரவுகளில் வீட்டுக்கு அடுப்புக்கரி வந்து இறங்கியிருக்குமா என்று யோசிப்பாள். சில இரவுகளில் அவன் 'நாம இல்ல' என்று சொன்ன குரலை மட்டும், அதன் பொருள் இல்லாமல், சுருதியை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பாள். எதிரே நிற்கிறவர்கள்தான் அந்த இடத்தை ஒழுங்காக வைத்திருந்தார்கள். அவள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறவள், அவ்வளவுதான். அப்படி நினைத்துக்கொண்டபோது மூச்சு விடுவது கொஞ்சம் சுலபமாயிற்று.

*

கமிட்டியில் மூன்று பேர். நடுவில் தலைவர் தோழர் குபாலா. பருமனான, களைத்த மனிதர். ஒரு காலத்தில் சுரங்கத்தின் பித்தளை வாத்தியக் குழுவில் யூஃபோனியம் வாசித்தவர். இடப்பக்கம் இசைப்பள்ளி ஆசிரியை ஒருத்தி. வலப்பக்கம் மேல்கோட்டைக் கழற்றாத ஒருவர். அவர் தன்னை யாரென்று சொல்லவில்லை.

இலக்கணக் கேள்விகள் ஓண்ட்ராவிடம் போயின. சரபாந்து என்றால் என்ன என்று ஆசிரியை கேட்டாள்.

"ஸ்பானிய நடனம், தோழர். ஒரு காலத்துல ஆடுனா சவுக்கடின்னு தடை பண்ணியிருந்தாங்க. அப்புறம் பார்த்தா அரண்மனையிலயே ஆடினாங்களாம்."

குபாலா கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். கைக்குட்டைக்குப் பின்னால் அவர் சிரித்தார் என்று ஹெடாவுக்குத் தோன்றியது. மேல்கோட்டுக்காரர் ஓண்ட்ராவின் விக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வாசித்தார்கள். ஹெடா குழலைப் பொருத்தினாள். தொடங்கினாள். குழல் சூடாகவே இருந்தது. இரண்டாம் முறை வந்தபோது பாடிக்கொண்டே ஊதினாள். சரபாந்து வாசல்வரை வந்தது. அவள் குழலை இறக்கவில்லை. ரதீம் ஒரு தட்டுகூடத் தவறாமல், கச்சிதமாக நுழைந்தான்.

யாரோ ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு முன்னாலிருந்து சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போவதுபோல் இருந்தது. அவள் தொடர்ந்து வாசித்தாள். ஒரு சுரமும் தப்பவில்லை. முடித்தபோது ரதீமின் முகத்தில் நிம்மதி பரவியிருந்தது. அவளால் அவனைப் பார்க்க முடியவில்லை.

"நல்லா வாசிச்சீங்க" என்றார் குபாலா. பேனாவை மேசைமேல் படுக்கவைத்தார். "ஆனா நீங்க ஊர் ஊராப் போய் வாசிக்கிறது இது இல்லையே."



நடுவில் நிறுத்துகிறீர்களாம், அப்போது ஜனங்கள் எழுந்து நிற்கிறார்களாம் என்றார் அவர். குரலில் மிரட்டல் இல்லை. தேசிய கீதத்துக்கே பாதிப்பேர் முனகிக்கொண்டு எழுகிற ஊர் இது, இங்கே யாரும் சொல்லாமல் மன்றம் முழுக்க எழுந்து நின்றால் மேலே இருப்பவர்கள் கேட்கத்தானே செய்வார்கள் என்றார். யாருக்காக நிற்கிறார்கள் என்று அவரிடம் கேட்கிறார்கள். எல்லையைத் தாண்டிப் போனவர்களுக்கா? சிறைக்குள்ளே இருக்கிறவர்களுக்கா? அறுபத்தெட்டில் டாங்கிகள் வந்தபோது செத்தவர்களுக்கா? கடைசிக் கேள்வியை அவர் மேல்கோட்டுக்காரரைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்த எடத்தையே எடுத்துடறோம், தோழர்" என்றான் ரதீம். "இன்னைக்கு வாசிச்ச மாதிரியே வாசிக்கிறோம்."

"எடுத்தா மட்டும்? நீங்க நிறுத்தாட்டியும் அவங்க எந்திரிப்பாங்க. பாட்டையே விட்டுட்டீங்கன்னா இன்னும் மோசம். ஏன் விட்டாங்கன்னு ஒரு ஊரே பேசும்."

அப்போதுதான் ரதீம் சொல்லிவிட்டான். மறைக்க வேண்டிய ரகசியமாக அவனுக்கு அது எப்போதும் தோன்றியதில்லை. ஆர்கன் வாசித்த லூபோர் சாலை விபத்தில் இறந்துபோனதை, அவன் ஹெடாவின் கணவன் என்பதை, முதல் கச்சேரியில் மூவரும் மறந்துபோய்க் காத்திருந்ததை, வேறு எந்த உள்நோக்கமும் இல்லை என்பதை அவசர அவசரமாகச் சொன்னான். லூபோர் அவனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து நண்பன்.

ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குபாலா நாற்காலியில் சாய்ந்தார். அவருடைய உடம்பே தளர்ந்தது. "அட, இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஹெடாவுக்கு அது அங்கேயே தெரிந்தது, தெரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது. அவர் வழி சொன்னார். மிக எளிய வழி. எதையும் எடுக்க வேண்டாம். நிறுத்துகிற இடத்தில் நிறுத்தலாம், ஜனங்கள் நிற்கட்டும். பாட்டைத் தொடங்கும் முன்னால் ஹெடா மேடையில் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். இது விபத்தில் இறந்த என் கணவருக்காக என்று. அதோடு எல்லாம் சரியாகிவிடும். ஒரு மனைவியின் துக்கத்தில் யார் என்ன குற்றம் காண முடியும்?

"'கணவர்', 'விபத்து', ரெண்டு வார்த்தையும் வரணும்" என்றார் மேல்கோட்டுக்காரர். அன்று அவர் பேசியது அதுதான் முதல். "ஒவ்வொரு கச்சேரியிலயும்."

"வரும், வரும்" என்றார் குபாலா. "எங்க, இங்கேயே ஒரு தடவை சொல்லிடும்மா. எப்படிச் சொல்லப் போறேன்னு நாங்களும் கேட்டுக்கறோம். சொன்னதும் முத்திரையைப் போட்டுடறேன்."

ஓண்ட்ரா குச்சிகளைத் துணிப்பையில் போடத் தொடங்கிவிட்டான். முடிந்துவிட்டது என்றே அவன் நினைத்தான். ரதீம் ஹெடாவைப் பார்த்துத் தலையசைத்தான், சொல் என்று.

அவள் அந்த வாக்கியத்தை வாய்க்குள் வைத்துப் பார்த்தாள். விபத்தில் இறந்த என் கணவருக்காக. விபத்து உண்மை. இறந்தது உண்மை. கணவன் என்பதும் அந்தக் காலைவரை உண்மை. சட்டப்படி இன்றும் உண்மை. ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியே உண்மையாகத்தான் இருந்தது. சேர்த்துவைத்தால் அது ஒரு பதில் ஆகிவிடுகிறது. அவன் பாதியில் விட்டுப்போன பேச்சுக்கு, அவனைக் கேட்காமல், ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு இரவும், ஒலிபெருக்கியில் அவள் சொல்லப்போகும் பதில். அவன் கடைசிவரை என்னுடையவன்தான் என்று.

அதைக்கூட அவள் சொல்லிவிடுவாள். இறந்தவனிடம் ஒரு பொய், அவனும் வந்து மறுக்கப் போவதில்லை. ரதீமின் நெஞ்சுக்கூட்டுக்காக அதைவிடப் பெரிய பொய்யையும் சொல்வாள். ஆனால் அவள் சொன்ன பிறகு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் என்ன செய்வாள்? மரியாதைக்கு எழுந்து நிற்பாள். குழல்காரியின் புருஷனுக்காக நிற்பாள். இரக்கத்தோடு நிற்பாள். ஸ்தானெக் எங்கே போவான்? அந்தப் பல் மருத்துவரும், கோட்டுப் பொத்தான்களைத் தளர்த்தித் தைத்திருந்த பெண்ணும் கொண்டுவந்தவர்களை என்ன செய்வார்கள்? ஒருவருடைய பெயர் சொல்லப்பட்ட இடத்தில் மற்றவர்கள் உட்கார முடியாது. அவர்களுக்கு வேறு இடமும் இல்லை. வீட்டில் சொல்ல முடியாது, தேவாலயத்தில் சொல்ல முடியாது, கல்லில் பொறிக்க முடியாது. இந்த நகரத்தில் அவர்களை உட்கார வைக்க அவர்களுக்குக் கிடைத்தது ஒரு சரபாந்தின் நடுவே யாரோ மறந்துபோய் விட்ட கொஞ்ச நேரம்.

குபாலாவுக்கு இது தெரியாது. மேல்கோட்டுக்காரருக்குத் தெரியும் என்று அவளுக்குத் தோன்றியது. அதனால்தான் அவர் இரண்டு வார்த்தைகளைக் கேட்டார்.

"ஹெடா" என்றான் ரதீம். அவள் அருகில் வந்து, தோளில் கை வைத்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினான். "பொய் சொல்லச் சொல்லலையே உன்னை. நெசத்தைத்தானே சொல்லச் சொல்றாங்க. அவனும் இதைத்தான் சொல்லியிருப்பான்."

அவன் என்ன சொல்லியிருப்பான் என்று அவளுக்கு நிஜமாகவே தெரியாது. அவள் ரதீமின் கையைப் பார்த்தாள். நகக்கண்களில் இத்தனை வருடம் கழித்தும் கரி நீலமாகத் தங்கியிருந்தது. எந்தச் சோப்பும் அதை எடுப்பதில்லை. அவனுடைய மனைவி அன்று கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தது, எழும்போது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது, எல்லாம் நினைவுக்கு வந்தன. ஒன்றையும் அவள் மறக்கவில்லை. ஒன்றையும் மறக்காமல்தான் இதைச் செய்ய வேண்டியிருக்கும். நாளைக்கு அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்கவும் வேண்டியிருக்கும். நின்றால் கதவு திறக்காமலும் போகலாம்.

"என்னம்மா?" என்றார் குபாலா. "மேடைக் கூச்சமா? இத்தனை வருஷம் வாசிக்கிற பொம்பளைக்கு?" முத்திரைக் கட்டையை எடுத்து மையில் ஒற்றிக்கொண்டு தயாராக வைத்திருந்தார்.

ஹெடா குழலை மூன்று துண்டாகக் கழற்றினாள். பெட்டியின் நீல வெல்வெட்டில் ஒவ்வொன்றையும் அதனதன் பள்ளத்தில் படுக்க வைத்தாள். நெஞ்சுக்குள் துணிச்சல் என்று எதுவும் இல்லை. மிகவும் துக்கமாக மட்டும் இருந்தது; லூபோருக்காக, முதல் முறையாக, எதுவும் கலக்காத துக்கம். பிறகு நிமிர்ந்தாள்.

"அது யாருக்காகன்னு நான் சொல்லமாட்டேன், தோழர்."

அவள் குரல் எவ்வளவு தாழ்ந்திருந்தது என்றால், மேல்கோட்டுக்காரர் முன்னால் குனிய வேண்டியிருந்தது. ரதீம் அவள் தோளிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டான். குபாலா முத்திரைக் கட்டையை அந்தரத்தில் பிடித்தபடி, யோசித்துச் சொல்லும்படி அவளிடம் கேட்டுக்கொண்டார். வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம், அவசரமில்லை என்றார்.

"வேண்டாம், தோழர்" என்றாள் ஹெடா. "யோசிச்சுட்டேன்."